லிட்டில் அந்தமான் (ஹட் பே) போக மூன்று நாள் போதுமா?

பனங்கிழங்கு எழுதியது:

வணக்கம். அந்தமானில் ஹேவ்லாக் தீவும் நீல் தீவும் ஐந்து வருடம் முன்பே பார்த்தாயிற்று. அழகுதான், மறுக்கவில்லை, ஆனால் திரும்பின பக்கமெல்லாம் செல்ஃபி குச்சியும் தேனிலவு ஜோடியும். இந்த முறை கூட்டம் இல்லாத தீவாகப் போகலாம் என்று தேடியதில் லிட்டில் அந்தமான் கண்ணில் பட்டது. பட்லர் பே கடற்கரை, காட்டுக்குள் இரண்டு அருவி, சுற்றிலும் யாருமே இல்லாத மணல் என்று படம் போட்டு ஆசை காட்டுகிறார்கள்.

பிப்ரவரி நடுவில் நான், மனைவி, பன்னிரண்டு வயதுப் பையன். சென்னையிலிருந்து விமானம். புதன்கிழமை இரவுக் கப்பலில் அந்தத் தீவின் துறைமுக ஊரான ஹட் பே போய், சனிக்கிழமை சாயங்காலம் போர்ட் பிளேயர் திரும்பி, ஞாயிறு காலை சென்னைக்கு விமானம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். மூன்று நாள் போதுமா? பையன் கடலில் இறங்கலாமா? அப்புறம் அந்தத் தீவின் பழங்குடிகளான ஓங்கே மக்களை நேரில் பார்க்க யாராவது ஏற்பாடு செய்து தருவார்களா? போனவர்கள் சொல்லுங்கள்.

அபர்டீன் அண்ணாச்சி எழுதியது:

தம்பி, உங்கள் திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டைதான், ஆனால் கப்பலே மூழ்கும் அளவுக்கு ஓட்டை. சனி சாயங்காலம் திரும்பி ஞாயிறு காலை விமானமா? தயவுசெய்து வேண்டாம்.

நான் போர்ட் பிளேயரில் பிறந்து வளர்ந்தவன். (ஸ்ரீ விஜயபுரம் என்று 2024 செப்டம்பரில் பெயர் மாற்றிவிட்டார்கள், வாய்க்கு இன்னும் வரவில்லை, மன்னிக்கவும்.) தாத்தா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர். ஹட் பேக்குப் பத்துப் பதினைந்து தடவை போயிருப்பேன், அதில் நினைத்த நாளில் திரும்பியது பாதிதான். ஹேவ்லாக் போகிற தனியார் ஏசி படகு மாதிரி நினைத்துவிடாதீர்கள். இது அரசுக் கப்பல், ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தெற்கே, கப்பலைப் பொறுத்து ஆறு முதல் எட்டு மணி நேரம். கால அட்டவணையே சில நாளுக்கு முன்னால்தான் வரும். வந்த அட்டவணையும் காற்று எழுந்தால் மாறும், வேறு தீவில் அவசரம் என்றால் மாறும், கப்பல் பழுதானால் மாறும். அந்தத் தீவில் இருப்பவர்களுக்கு அந்தக் கப்பல்தான் ஆஸ்பத்திரி, சந்தை, கல்லூரி எல்லாம், அதனால் தீவுவாசி அட்டை வைத்திருப்பவர்களுக்குத்தான் டிக்கெட்டில் முதல் இடம். கட்டணமும் அவர்களுக்குக் குறைவு, நமக்குக் கூடுதல். அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

விமானத்துக்கு முன்னால் இரண்டு நாள் சும்மா விடுங்கள். அந்த இரண்டு நாளும் மிஞ்சினால் செல்லுலார் ஜெயிலைப் பாருங்கள், வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் போங்கள், அபர்டீன் பஜாரில் தோசை சாப்பிடுங்கள். மிஞ்சாவிட்டால் எனக்கு நன்றி சொல்வீர்கள்.

கடைசிக் கேள்விக்குப் பிறகு தனியாக வருகிறேன். அதற்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் எழுத வேண்டும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நான் போனேன். சொல்கிறேன், யாரும் அடிக்க வராதீர்கள்: அங்கே ஒன்றும் இல்லை.

இரவெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு போய் இறங்கினால் ஒரு கடைத்தெரு, கரையோரமாக வடக்கே போகிற ஒரே ஒரு ரோடு. ஊர்களுக்குப் பெயர் இருக்கிறது, ஆனால் கேட்டால் கிலோமீட்டர் கணக்கில்தான் சொல்கிறார்கள், பதினொன்றாம் கிலோமீட்டர், பதினாறாம் கிலோமீட்டர் என்று. பட்லர் பே பதினாலாவது கிலோமீட்டர் பக்கம். நல்ல கடற்கரை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அருவி அருவி என்றார்களே, நான் போனது மார்ச். குற்றாலத்தில் சீசன் முடிந்து ஐந்தருவிக்குப் போனால் எப்படி இருக்கும்? பாறையில் யாரோ வேட்டி பிழிந்த மாதிரி. இதற்கு ஒரு நாள் கப்பல், ஒரு நாள் காத்திருப்பு, திரும்ப ஒரு நாள் கப்பல். அந்தக் காசுக்கு நீலில் நான்கு நாள் காலை நீட்டிப் படுத்திருக்கலாம்.

காற்றாடி எழுதியது:

கணக்குப்பிள்ளை அண்ணே, உங்கள் கணக்கு சரி, நீங்கள் போன மாதம்தான் தப்பு. இல்லை, அதுவும் தப்பில்லை, அந்தத் தீவின் குணமே அப்படி. ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அடங்கி இருக்கும், கப்பல் ஓரளவு ஒழுங்காக ஓடும், ஆனால் காட்டு ஓடைகள் வற்றிக்கொண்டே வரும். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் ஒயிட் சர்ஃப் அருவி பொங்கிக்கொண்டு விழும், ஆனால் அதைப் பார்க்க நீங்கள் அங்கே போய்ச் சேர வேண்டுமே. இரண்டும் ஒரே மாதத்தில் கிடைக்காது. டிசம்பர் கடைசி, ஜனவரி ஆரம்பத்தில் மழை ஈரம் கொஞ்சம் மிச்சமிருக்கும், அதுதான் நடுவாந்திரம். பிப்ரவரி நடுவில் போகிறவர்கள் கடலுக்காகப் போங்கள், அருவியை எதிர்பார்க்காதீர்கள்.

நான் போனது அலைக்காக. கோவளத்தில் அலைச்சறுக்குப் பலகை ஏறக் கற்றுக்கொண்டவன். தென்மேற்கு மூலையில் குமாரி பாயின்ட் என்று ஓர் அலை, வெளிநாட்டு அலைச்சறுக்குக்காரர்கள் பாய்மரப் படகில் வந்து தேடிப் பிடித்த இடம். அது நமக்கு ஆகாது, அங்கே ரோடும் இல்லை, கீழே பவளப்பாறை. ஆனால் பட்லர் பேயில் மணல் அடி, ஆரம்பக்காரர்களுக்கு அருமை. காலையில் ஆறு மணிக்குத் தண்ணீரில் இறங்கினேன், ஒன்பது மணி வரை கரையில் ஒரு மனிதர் இல்லை, ஒரு மாடு மட்டும் வந்து என் துண்டை முகர்ந்துவிட்டுப் போனது.

ஒரு விஷயம் மறக்காதீர்கள். நம் கடிகாரம்தான் அங்கேயும், ஆனால் சூரியன் நமக்கு முன்னாலேயே கடையைக் கட்டிவிடும். பிப்ரவரியில் ஐந்தரைக்கு அஸ்தமனம், காட்டுக்குள் ஐந்துக்கே இருட்டு. விஸ்பர் வேவ் அருவிக்கு இருபதாம் கிலோமீட்டர் பக்கம் போய்க் காட்டுக்குள் நடக்க வேண்டும், அதற்கு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிற பழக்கம் உதவாது. காலையிலேயே போங்கள், ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு.

மஞ்சள் பை எழுதியது:

காற்றாடி தம்பி, மாடு கதை நன்றாக இருக்கிறது, ஆனால் முதலைக் கதையைச் சொல்லவில்லையே. உப்புநீர் முதலை உள்ள தீவு அது. 2010இல் ஹேவ்லாக்கிலேயே, ராதாநகர் பக்கம், நீந்தப் போன அமெரிக்கப் பெண்ணை முதலை கொன்றது. ஹேவ்லாக்கிலேயே அப்படி என்றால் ஓடைகளும் சதுப்பும் நிறைந்த லிட்டில் அந்தமானில் கேட்க வேண்டுமா? பனங்கிழங்கு, பையனை ஓடை கடலில் கலக்கிற இடத்தில் மட்டும் இறக்காதீர்கள். எச்சரிக்கைப் பலகை இருந்தால் அது அழகுக்கு வைத்ததில்லை. விடிகிற நேரம், இருட்டுகிற நேரம் தண்ணீரில் வேண்டாம். எங்கே குளிக்கலாம் என்று அங்கே உள்ள மீன்காரர்களைக் கேட்டால் விரலை நீட்டிக் காட்டிவிடுவார்கள், அந்த இடத்தில் மட்டும் குளியுங்கள்.

நான் என் இரண்டு பெண்களோடு போனேன். எங்களைக் கடித்தது முதலை இல்லை, மணல் ஈ. கண்ணுக்கே தெரியாது, மறுநாள் கால் முழுக்கத் தடிப்பு, சொறிந்தால் புண். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, மணலில் நேராக உட்காராமல் பாய் விரித்து உட்கார்ந்தால் பாதி குறையும். கொசுவலை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலில் வாந்தி வராமல் இருக்க அவோமின் மாத்திரை, ஏறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னாலேயே போட வேண்டும். ஏடிஎம்மை நம்பாமல் ரொக்கம் கொண்டுபோங்கள்.

சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லை. பெரும்பாலும் வங்காளிக் குடும்பங்கள், கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்தவர்களைக் குடியேற்றிய ஊர்கள். சோறு, பருப்பு, கடுகரைத்த மீன்குழம்பு. சைவம் என்றால் பருப்பும் உருளைக்கிழங்கும்தான், மூன்றாம் நாள் என் சின்னவள் ரசம் கேட்டு அழுதாள். கப்பல் வராத வாரத்தில் காய்கறிக் கடையில் என்ன இருக்கிறதோ அதுதான் எல்லோருக்கும்.

அபர்டீன் அண்ணாச்சி எழுதியது:

அந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். தம்பி தெரியாமல் கேட்டிருக்கிறார், திட்டவில்லை. ஆனால் இதே கேள்வியை வருடத்துக்கு நாலு பேர் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஓங்கே மக்களைப் பார்க்க ஏற்பாடு கிடையாது. யாராவது செய்து தருகிறேன் என்று சொன்னால் அவன் உங்களைக் குற்றத்துக்குக் கூட்டிப் போகிறான். 1956ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, அந்தமான் பழங்குடிகளைப் பாதுகாக்க, அவர்களுக்கு ஒதுக்கிய காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். டுகாங் கிரீக், சவுத் பே எல்லாம் அந்த எல்லைக்குள். படம் எடுப்பது அதைவிட மோசம்.

சட்டத்தை விடுங்கள். அந்தத் தீவு முழுக்க அவர்களுடையதாக இருந்தது. 1960களின் கடைசியிலிருந்து குடியேற்றம், மரம் வெட்டு, 1970களில் செம்பனைத் தோட்டம் என்று வரிசையாக வந்து, இன்று மொத்த ஓங்கேகளே நூற்றுச் சொச்சம் பேர். நம் ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் ஒரே தடவையில் உட்கார வைத்துவிடலாம் அத்தனை பேரையும். 2008 டிசம்பரில் கரை ஒதுங்கிய ஒரு பிளாஸ்டிக் கேனில் இருந்ததைக் குடித்து அவர்களில் சிலர் செத்துப்போனார்கள். நூறு பேரில் சிலர் என்றால் என்ன இழப்பு என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 2004 டிசம்பர் 26. அன்றைக்கு ஹட் பே கடைத்தெருவைக் கடல் வாரிக்கொண்டு போனது, அலைதாங்கிச் சுவரே உடைந்தது. எனக்குத் தெரிந்த ஒரு வளையல் கடைக்காரர் இரண்டு நாள் காட்டில் இருந்து இறங்கி வந்தார், கடை இருந்த இடத்தில் தரை மட்டும் இருந்தது. ஓங்கேகள்? கடல் உள்வாங்கியதைப் பார்த்ததும் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள், அத்தனை பேரும் பிழைத்தார்கள். நம்மிடம் எத்தனை பேருக்கு அந்த அறிகுறி தெரிந்திருந்தது? மெரினாவில் உள்வாங்கிய கடலைப் பார்க்க இறங்கிப் போனவர்கள் கதை எல்லோருக்கும் தெரியும்.

போங்கள், தீவைப் பாருங்கள். ரோடு போகிற கிழக்குக் கரை உங்களுக்கு. மற்றக் கரைகள் அவர்களுக்கும் ஆமைகளுக்கும்.

பனங்கிழங்கு எழுதியது:

அண்ணாச்சி, உண்மையிலேயே வெட்கமாக இருக்கிறது. ஏதோ மிருகக்காட்சி சாலை மாதிரிக் கேட்டுவிட்டேன். முதல் பதிவைத் திருத்த நினைத்தேன், பிறகு இருக்கட்டும், நாளை கேட்க வருகிறவர்களும் உங்கள் பதிலைப் படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். விமானத்தைப் புதன்கிழமைக்கு மாற்றிவிட்டேன், மாற்றுக் கட்டணம் பற்றி மனைவியிடம் சொல்லவில்லை.

ஆமை என்றீர்களே, அது என்ன?

நண்டுவளை எழுதியது:

ஆமைக்கு நான் வருகிறேன், இவ்வளவு நேரம் அதற்குத்தான் காத்திருந்தேன்.

ஏழுவரி ஆமை. ஓடு கிடையாது, முதுகில் தோல், அதில் நீளவாட்டில் ஏழு மேடு. உலகத்திலேயே பெரிய கடலாமை. நம் மெரினாவில் முட்டையிடுகிற பங்குனி ஆமையை இரண்டு பேர் தூக்கிவிடலாம், இதைத் தூக்க ஒரு கிரேன் வேண்டும். இந்தியாவில் அது முட்டையிட வருவது அந்தமான் நிக்கோபாரில் மட்டும்தான் என்று சொல்லலாம். கிரேட் நிக்கோபாரில் கலத்தியா கரைதான் பேர்போனது, சுனாமி அந்த மணலை அடித்துக்கொண்டு போன பிறகு ஆராய்ச்சியாளர்கள் லிட்டில் அந்தமானின் சவுத் பே, வெஸ்ட் பேயில் கண்காணிப்பு முகாம் போட்டார்கள். அங்கே முட்டையிட்ட ஆமைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விட்டதில் சில ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரை பக்கம் போயிருக்கின்றன, சில ஆப்பிரிக்கா பக்கம், மொசாம்பிக் வரை. இந்துமாக் கடல் முழுக்க அதற்கு வீட்டு முற்றம் மாதிரி.

பார்க்க முடியுமா என்று கேட்காதீர்கள், அண்ணாச்சி ஏற்கெனவே சொல்லிவிட்டார், அந்தக் கரைகள் நமக்கு இல்லை. எனக்கும் ஆசைதான். ஆனால் பட்லர் பேயில் இரவு உட்கார்ந்திருந்தபோது, இதே தீவின் மறுபக்கம் ஐந்நூறு கிலோ எடையுள்ள ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு மணல் தோண்டிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தேன், எனக்கு அது போதுமாக இருந்தது.

நாலைந்து வருடம் முன்பு அந்தத் தீவில் பெரிய நகரம், விமான நிலையம், கேளிக்கை மண்டலம் என்று நிதி ஆயோக் பக்கமிருந்து ஒரு திட்டம் வந்ததே, நினைவிருக்கிறதா? வனத்துறையே எதிர்ப்புக் குறிப்பு எழுதியது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

சரி, நகரம் வந்தால்தான் என்ன? ஹட் பேயில் இருக்கிறவனுக்குப் பிரசவம் என்றால் ஹெலிகாப்டருக்குக் காத்திருக்கிறான். நாம் மூன்று நாள் போய் 'ஆஹா தனிமை' என்று விட்டு வந்துவிடுவோம், அவன் வருடம் முழுக்க அங்கே கிடக்க வேண்டும். ஆமைக்காக மனிதன் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டுமா?

அபர்டீன் அண்ணாச்சி எழுதியது:

நியாயமான கேள்வி, இதைக் கேட்டதற்காகவே உங்கள் வேட்டி பிழிந்த அருவியை மன்னிக்கிறேன். ஹட் பேக்காரனைக் கேட்டால் அவன் கேட்பது இன்னொரு கப்பல், இன்னும் இரண்டு டாக்டர், அறுந்துபோகாத நெட். கடைசியது ஓரளவு வந்துவிட்டது, 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் போட்ட கேபிள் லிட்டில் அந்தமானுக்கும் போகிறது. அதற்கு முன்னால் ஒரு படம் அனுப்ப ஒரு வெற்றிலை போட்டு மென்று முடிக்கலாம். கேளிக்கை மண்டலம் வேண்டும் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. வேலை கேட்டார்கள், அது உண்மை. செம்பனைத் தோட்டத்தை நம்பி இருந்தவர்கள் அந்தத் தோட்டத்தைப் படிப்படியாக நிறுத்தச் சொன்ன உச்ச நீதிமன்றத்தின் 2002 உத்தரவுக்குப் பிறகு என்ன செய்வது என்று தவித்ததையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்ததுதான் அந்த ஊர்.

பனங்கிழங்கு எழுதியது:

போய்விட்டு வந்துவிட்டோம். தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

போகும் கப்பல் சொன்ன நாளில் கிளம்பியது. அவோமின் போட்டும் மனைவிக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நானும் பையனும் மேல்தளத்தில் காற்று வாங்கினோம். அதிகாலை நாலேகாலுக்கு ஒரு தாத்தா கோழிக்குஞ்சுக் கூடையோடு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தியில் ஆரம்பித்து, நாங்கள் விழிப்பதைப் பார்த்து, 'தமிழா?' என்று கேட்டார். கட்டுமான வேலைக்குச் சின்ன வயதில் வந்து தங்கிவிட்டவராம், விழுப்புரம் பக்கம். அவர்தான் தங்க இடம், வாடகை வண்டி எல்லாம் காட்டிக்கொடுத்தார்.

ஒயிட் சர்ஃப் அருவி, கணக்குப்பிள்ளை அண்ணே, வேட்டி இல்லை, துண்டு. ஆனால் போகிற வழிக் காடு இருக்கிறதே, நாங்கள் குற்றாலத்துக்காரர்கள், காடு புதிதில்லை, அப்படியும் பையன் ஒரு கர்ஜன் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து, 'அப்பா, இது எங்கே முடிகிறது?' என்றான். எனக்கும் தெரியவில்லை. விஸ்பர் வேவுக்குப் போகவில்லை, மனைவிக்குக் கால் வலி. பட்லர் பேயில் மீன்காரர் விரல் நீட்டிய இடத்தில்தான் குளித்தோம், மஞ்சள் பை அக்கா. மணல் ஈ கடித்தது, எண்ணெய் தடவியும் கடித்தது.

திரும்பும் கப்பல் தள்ளிப்போனது. ஒரு நாள் இல்லை, மூன்று நாள். தீவுக்குத் தெற்கே பத்தாம் பாகைக் கால்வாய் பக்கம் கடலில் காற்று என்றார்கள். கவுண்டரில் கேட்டால் 'நாளைக்குத் தெரியும்', நாளைக்குக் கேட்டால் 'சாயங்காலம் வாங்க'. முதல் நாள் எனக்குக் கோபம், உண்மையைச் சொல்கிறேன், தாத்தாவிடம்கூடச் சிடுசிடுத்தேன். மறுநாள் செய்ய ஒன்றும் இல்லாததால் பையன் அலைதாங்கிச் சுவரில் ஊர்ப் பையன்களோடு தூண்டில் போட்டான். நாலு மணி நேரம். விரல் நீள மீன் ஒன்று. அதை எப்படிக் கழுவுவது, எப்படிச் செதில் எடுப்பது என்று ஒரு வங்காளிப் பையன் சைகையில் சொல்லிக்கொடுத்தான். வீட்டுக்கு வந்து பையன் எல்லோரிடமும் சொல்வது அருவியும் இல்லை, பட்லர் பேயும் இல்லை, அந்த மீன்தான்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி போர்ட் பிளேயர் வந்து, புதன் காலை விமானம் பிடித்தோம். அண்ணாச்சி, நன்றி. தோசை சாப்பிட நேரமில்லை.

மஞ்சள் பை எழுதியது:

மாற்றுக் கட்டணத்தை வீட்டில் சொன்னீர்களா இல்லையா?

பனங்கிழங்கு எழுதியது:

இரண்டாவது நாள் கப்பல் துறையில் உட்கார்ந்திருக்கும்போது சொன்னேன். அன்றைக்குத் திட்டவில்லை.

சுருளி எழுதியது:

எல்லாவற்றையும் இப்போதுதான் படித்து முடித்தேன். நானும் நண்பர்கள் மூன்று பேரும் ஏப்ரல் முதல் வாரம் போகலாமா என்று யோசிக்கிறோம். போய் வர மொத்தம் எவ்வளவு ஆகும் அண்ணாச்சி?

அபர்டீன் அண்ணாச்சி எழுதியது:

காசு இருக்கட்டும் தம்பி. எத்தனை நாள் லீவு?